செஞ்சோற்றுக் கடன்: வளர்ப்புப் பிள்ளையும் பார்வையாளரும்

1

சௌமேந்திர பாதி இயக்கிய ‘புதியா சிங்: பார்ன் டு ரன்’ என்ற இந்திப் படம் 2016 ஆகஸ்ட் 5 அன்று திரைக்கு வந்தது. ரியோ ஒலிம்பிக் தொடங்கிய நாள் அது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, ‘துரந்தோ’ என்ற பழைய தலைப்பில், சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது அதற்கு அறிவிக்கப்பட்டிருந்தது. புவனேஸ்வரத்தின் குடிசைப்பகுதி ஒன்றில் 800 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஒரு சிறுவனை ஜூடோ பயிற்சியாளர் ஒருவர் மீட்டு, தம் வீட்டில் வைத்து வளர்க்கிறார். பையன் ஓடத் தொடங்குகிறான். நாடே திரும்பிப் பார்க்கிறது. இது கற்பனைக் கதையன்று. பத்தாண்டுகளுக்கு முன் ஒடிசாவில் நடந்தது.

இதே அமைப்பில் உலகெங்கும் பேசப்பட்ட இன்னொரு படம் உண்டு. ஜான் லீ ஹான்காக் இயக்கி 2009 நவம்பரில் வெளியான ‘தி பிளைண்ட் சைட்’. வீடற்ற கறுப்பின இளைஞன் ஒருவனை வசதியான வெள்ளையர் குடும்பம் ஏற்று வளர்க்க, அவன் அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெறும் கதை. இதுவும் உண்மைக் கதை என்றே முன்வைக்கப்பட்டது.

இவ்விரு படங்களையும் அவற்றைப் பார்த்தவர்களின் மனநிலையையும் பற்றி எண்ணத் தொடங்கினால், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வளர்ந்த எவருக்கும் மூன்றாவதாக ஒரு கதை நினைவில் எழாமல் இராது. இங்கே அது படமாக அன்றி, விடிய விடிய ஆடும் கூத்தாக இருக்கிறது. பெற்றவள் ஆற்றில் விட்ட பிள்ளையைத் தேரோட்டி எடுத்து வளர்க்கிறான். பிள்ளை அரங்கில் நின்று அரசகுமாரர்களுக்கு நிகராக வித்தை காட்டுகிறான். மூன்று கதைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். மூன்றிலும் பார்வையாளர் அழுகிறார்கள். ஆனால் யாருக்காக அழுகிறார்கள் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டுக்குள் ஒரு வரலாறு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் துரோணர் தம் மாணாக்கரின் திறனை அரங்கேற்றுகிறார். அரங்கம் அமைத்து, மேடை கட்டி, ஊர் முழுவதையும் அழைத்து நடத்திய நிகழ்ச்சி அது. அருச்சுனன் வித்தைகளைக் காட்டி முடிக்கும் வேளையில் கர்ணன் உள்ளே நுழைகிறான். அவன் செய்த அனைத்தையும் தானும் செய்து காட்டுகிறான். இருவரும் நேருக்கு நேர் மோதும் நிலை வந்ததும் கிருபர் குறுக்கிட்டுக் கர்ணனின் குலத்தைக் கேட்கிறார். அவன் தலை கவிழ்கிறது. துரியோதனன் எழுந்து அங்க நாட்டை அளித்து, அந்த இடத்திலேயே முடிசூட்டுகிறான்.

அப்போதுதான் அதிரதன் வருகிறான். மேலாடை நழுவ, வியர்த்து, நடுங்கியபடி கோலூன்றி வரும் கிழவன். கர்ணன் முடிசூட்டு நீரால் நனைந்த தலையோடு அந்தக் கிழவனின் காலில் விழுகிறான். பீமன் நகைத்து, உனக்குரியது வில்லன்று, குதிரைச் சாட்டை என்கிறான். குந்தி மயங்கி விழுந்து எழுகிறாள். யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. பொழுது சாய்கிறது. கலைந்து செல்லும் கூட்டத்தில் சிலர் அருச்சுனனைப் பேசினர், சிலர் கர்ணனைப் பேசினர், சிலர் துரியோதனனைப் பேசினர் என்று அந்தக் காட்சி முடிகிறது.

வளர்ப்புப் பிள்ளை ஒருவன் அரங்கில் நின்றதைக் கண்ட கூட்டத்தின் எதிர்வினையை இவ்வளவு பழைய பிரதி ஒன்று இவ்வளவு நுட்பமாகப் பதிந்திருப்பது வியப்புக்குரியது. கூட்டம் மூன்று பெயர்களைப் பேசிற்று. வென்றவன் ஒருவன், எதிர்த்தவன் ஒருவன், கொடுத்தவன் ஒருவன். எடுத்து வளர்த்தவன் பெயரை எவரும் பேசவில்லை.

கர்ணனின் வாழ்வில் அவனுக்கு உறவு கொண்டாடியவர்கள் மூவகையினர் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். அதிரதனும் ராதையும் வளர்த்தார்கள்; அதற்கு ஈடாக எதையும் கேட்கவில்லை. துரியோதனன் கொடுத்தான், அவனுக்கு அருச்சுனனை எதிர்க்க ஒரு வில் வேண்டியிருந்தது. குந்தி பெற்றாள், போர் நெருங்கியபோது வந்தாள், வரம் கேட்டாள். வளர்ப்பு, கொடை, பிறப்புரிமை என்ற இந்த மூன்றும் வெவ்வேறானவை. வளர்ப்புப் பிள்ளைகளைப் பற்றிய கதைகளில் பார்வையாளர் தடுமாறும் இடமெல்லாம், இந்த மூன்றில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும் இடம்தான்.

3

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் பகுதிகளில் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கும் கூவாகம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் இருக்கிறது. அங்கே களப்பலியாகும் அரவானும் ஒருவகையில் பெரியவர்களின் போருக்காகக் கேட்டுப் பெறப்பட்ட பிள்ளைதான். பாரதத்தை இந்த மண் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும். வென்றவர்களைவிடக் கொடுக்கப்பட்டவர்கள் மீது அதற்கு நாட்டம் அதிகம்.

கூத்துகளில் பெருமதிப்புடையது ‘கர்ண மோட்சம்’. கோயில் விழாவில் மட்டுமின்றி, இறந்தவருக்கான காரியத்தின்போது இரவில் இதனை ஆடும் வழக்கமும் வட தமிழகத்தில் உண்டு. துக்க வீட்டார் முன்வரிசையில் அமர்ந்திருக்க, மேடையில் கர்ணன் போருக்குப் புறப்படுவான். பார்வையாளரின் அழுகை அங்கே கலையின் விளைவு மட்டுமன்று. அந்த வீட்டின் சடங்கில் ஒரு பகுதி.

இந்தக் கூத்தின் உயிர்நிலை போர்க்காட்சியில் இல்லை. கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியில் இருக்கிறது. வடமொழிப் பாரதத்தில் இல்லாத, தமிழ் நாட்டார் மரபு படைத்த பாத்திரம் அவள். குலம் தெரியாதவன் என்று கணவனை இகழ்ந்தவள். அவளுடைய வாதங்களுக்குக் கர்ணன் பதில் சொல்லியாக வேண்டும். இடையிடையே கட்டியங்காரன் புகுந்து கேலி செய்வான். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவதை அவன் கேட்டுவிடுவான். ஏன் போகிறாய், யாருக்காகப் போகிறாய், உனக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகள் இரவு முழுவதும் வெவ்வேறு குரல்களில் வந்துகொண்டே இருக்கும்.

கர்ணனின் பதில் செஞ்சோற்றுக் கடன். சோறிட்டுக் காத்தவனுக்காகப் போர்க்களத்தில் உயிரைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் பழைய மறவர் அறம். அறம் என்ற சொல்லோடு கடன் என்ற சொல்லும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கூத்துப் பார்ப்பவர் அந்த அறத்தை மதிக்கிறார். அதே சமயம், கடனைத் தீர்க்கக் கர்ணனிடம் இருப்பது அவன் உடம்பு ஒன்றே என்பதையும் அவர் கண்கூடாகக் காண்கிறார். வில்லிபாரதத்தில் குந்தி வரம் கேட்டுப் பெற்றபின் கர்ணனும் அவளிடம் ஒன்று கேட்கிறான். நான் இறந்து வீழும்போது வந்து, மகன் என்று சொல்லி, மடியில் எடுத்துப் பாலூட்டு என்கிறான். கூத்தில் குந்தி களத்துக்கு வந்து ஒப்பாரி வைக்கும்போது பெண்கள் உடன் அழுவார்கள். அந்த அழுகையில் குந்தியின்மேல் இரக்கமும் உண்டு, கோபமும் உண்டு. கொடுத்தவர்களைப் புகழ்ந்து அந்தக் கூத்து முடிவதில்லை. பிள்ளை இறந்துவிட்டான், உரிமை கொண்டாடியவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற நிலையில் முடிகிறது.

இந்த மரபுக்கும் ஒரு மறதி உண்டு. உத்தியோக பர்வத்தில் கிருஷ்ணன் வந்து பிறப்பைச் சொல்லி அழைக்கும்போது, கர்ணன் முதலில் பேசுவது ராதையைப் பற்றித்தான். தன்னைக் கையில் வாங்கியபோதே அன்பினால் அவளுக்குப் பால் சுரந்தது என்கிறான். பெயரிட்டதும் மணம் செய்வித்ததும் அதிரதன் என்கிறான். துரியோதனனின் உப்பு அதற்குப் பிறகு வருகிற காரணம். தமிழில் கதை கூத்துக்கும் திரைக்கும் வந்தபோது இரண்டாவது காரணம் முதலாவதை ஏறக்குறைய மறைத்துவிட்டது. பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964 பொங்கலுக்கு வந்தது. புதுப்பிக்கப்பட்ட படியாக 2012இல் மீண்டும் வெளியாகி நூறு நாட்களைக் கடந்து ஓடியது. இரண்டு தலைமுறைகள் அதைப் பார்த்து அழுதன. அவர்கள் நினைவில் நிற்பவர்கள் நண்பன் துரியோதனனும் தாய் குந்தியும். ராதையின் பெயர் நமக்குக் கர்ணனோடு சட்டென நினைவுக்கு வருவதில்லை.

4

ஒடிசாவுக்கு வருவோம். புதியா சிங் 2002இல் பிறந்தவன். புவனேஸ்வரத்தின் பெரிய குடிசைப்பகுதியான சாலியா சாஹியைச் சேர்ந்தவன். தந்தை இறந்துவிட, வறுமையில் தாய் அவனை ஒரு வியாபாரியிடம் 800 ரூபாய்க்குக் கொடுத்தார். ஜூடோ பயிற்சியாளர் பிரஞ்சி தாஸ் அந்தத் தொகையைக் கொடுத்து அவனை மீட்டார். அவரும் அவர் மனைவியும் தங்கள் ஜூடோ கூடத்தில் ஆதரவற்ற பல பிள்ளைகளை வைத்து வளர்த்துவந்தனர். கெட்ட வார்த்தை பேசியதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிவிட்டுப் போனதாகவும், மணிக்கணக்கில் கழித்துத் திரும்பியபோதும் பையன் ஓடிக்கொண்டிருந்ததாகவும் பிரஞ்சி சொன்னார். புதியாவின் தொன்மம் அங்கிருந்து தொடங்குகிறது.

2006 மே 2 அன்று பூரியிலிருந்து புவனேஸ்வரம் வரை, 65 கிலோமீட்டர் தொலைவை 7 மணி 2 நிமிடங்களில் புதியா ஓடினான். முழு மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அவனுக்கு வயது நான்கு. மே மாதத்து வெயில். மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் உடன் ஓடினார்கள், சாலையோரமெங்கும் மக்கள் நின்றார்கள், தொலைக்காட்சிகள் காட்டின. லிம்கா சாதனைப் புத்தகத்தில் அவன் பெயர் ஏறியது. திட்டமிட்ட தொலைவு இன்னும் சில கிலோமீட்டர் இருந்தது. பையனால் முடியவில்லை என்பதால் ஓட்டம் நிறுத்தப்பட்டது.

அடுத்த நாட்களில் ஒடிசா அரசு மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது. ஊட்டக்குறை, இரத்தசோகை, இதயத்துக்கு மிகைச் சுமை என்று மருத்துவர்கள் கூறினர். நெடுந்தூர ஓட்டங்களில் அவன் ஓடக் கூடாது எனத் தடை வந்தது. அரசின் தடையைக் கண்டித்தவர்கள் கேட்ட கேள்வியும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பிள்ளை விற்கப்பட்டபோது வராத அரசு அவன் வென்றபோது மட்டும் ஏன் வருகிறது என்றார்கள் அவர்கள். 2007இல் பையனைத் துன்புறுத்தியதாகப் புகார் எழுந்து பிரஞ்சி கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பையன் புவனேஸ்வரம் கலிங்கா விளையாட்டரங்க விடுதிக்கு மாற்றப்பட்டான். 2008 ஏப்ரல் 13 அன்று பிரஞ்சி தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை புதியா விவகாரத்தோடு தொடர்பற்றது. குற்றவாளிகள் இருவருக்கு 2010இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஜெம்மா அட்வாலின் ‘மாரத்தான் பாய்’ என்ற 2010ஆம் ஆண்டு ஆவணப்படம் இந்த நிகழ்ச்சிகளைச் சில ஆண்டுகள் உடனிருந்து படம்பிடித்தது. ஆறாண்டு கழித்து வந்த இந்திக் கதைப்படத்தில் மனோஜ் பாஜ்பாய் பிரஞ்சியாக நடித்தார். மயூர் படோலே புதியாவாக. பிரஞ்சியை முழு வள்ளலாகவோ முழுச் சுரண்டல்காரராகவோ படம் காட்டவில்லை என்பது அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. சரிதான். ஆயினும் அந்த விவாதத்தின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். பிரஞ்சி நல்லவரா, கெட்டவரா? அதிரதனா, துரியோதனனா? 2006இல் சாலையோரத்தில் நின்றவர்களும் 2016இல் திரையரங்கில் அமர்ந்தவர்களும் கேட்டது இந்த ஒரே கேள்வியை. கேள்வியின் மையத்தில் இருப்பவர் பெரியவர். சிறுவன் அவரை நிறுக்கும் எடைக்கல்லாக மாறிவிட்டான்.

ஐந்து வயது நிறைவதற்குள் 48 நெடுந்தூர ஓட்டங்களை ஓடினான் என்று புதியாவைப் பற்றிச் சொல்லப்பட்டது. அந்த எண்ணிக்கையைக் கேட்டு வியந்தவர்களில் எத்தனை பேர், நாற்பத்தெட்டு முறை அந்தப் பாதங்களைப் பார்த்திருப்பார்கள்? சாலையோரத்துக் கூட்டம் கைதட்டாமல் இருந்திருந்தால் அந்த ஓட்டம் நடந்திராது. இந்தக் கதையில் பார்வையாளர் வெளியே நின்று பார்த்தவர் அல்லர். கதையை நடத்தியவர்களில் ஒருவர். விளையாட்டு விடுதியில் தனக்குக் குறைந்த தொலைவு ஓட்டங்களுக்கான பயிற்சியே தரப்பட்டது என்று வளர்ந்தபின் புதியா குறைப்பட்டுக்கொண்டார். ஒலிம்பிக் மாரத்தான் கனவு நிறைவேறவில்லை. அப்போது சாலையோரத்தில் எவரும் இல்லை.

5

‘தி பிளைண்ட் சைட்’ படத்தின் வரவேற்பு இதைவிடப் பெரியது, இதைவிட எளியது. 2.9 கோடி டாலரில் எடுக்கப்பட்ட படம் உலக அளவில் 30 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது. முதல் வார இறுதியில் 3.4 கோடி டாலர் வசூல். இரண்டாம் வார இறுதியில் ஏறக்குறைய 4 கோடி. வசூல் குறைய வேண்டிய இரண்டாம் வாரத்தில் கூடிய அரிய படங்களில் ஒன்று. குடும்பங்கள் கூடும் நன்றிநவிலல் விடுமுறை அது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிப் பிறர் வந்தார்கள். திரையரங்க வாயிலில் பார்வையாளரிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் உச்ச மதிப்பெண் கிடைத்தது. வளர்ப்புத் தாய் லீ ஆன் டூயியாக நடித்த சாண்ட்ரா புல்லக் 2010 மார்ச்சில் ஆஸ்கர் பெற்றார். விருது தாய்க்கு என்பதை நினைவில் கொள்வோம்.

படத்தின் நாயகன் மைக்கேல் ஓஹர் மெம்பிஸ் நகரில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். 2009இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. படம் வந்த காலத்திலேயே சில விமர்சகர்கள், கறுப்பினத்தவரை மீட்கும் வெள்ளையர் என்ற பழைய கதையாடலின் மறுபதிப்பு இது என்றனர். ஓஹரின் மனக்குறை வேறாக இருந்தது. 2011இல் வெளியிட்ட தன் நூலில், ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவனாகத் தன்னைப் படம் காட்டிவிட்டது என்று எழுதினார். படத்தில் வீட்டுச் சிறுவன் மேசைமேல் சாஸ் குப்பிகளை அடுக்கி அவருக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பான். திரையரங்கம் சிரித்து மகிழ்ந்த காட்சி அது. சிறுவயதிலிருந்தே ஆட்டத்தைக் கூர்ந்து பயின்றவர் ஓஹர். வித்தை அவனுடையது என்பதைக்கூட அந்தக் கதையால் அவனிடம் விட்டுவைக்க முடியவில்லை. கர்ணனின் அரங்கில் குலம் கேட்டார்கள். வில் யாருடையது என்று கேட்கவில்லை.

2023 ஆகஸ்டில் ஓஹர் டென்னசி நீதிமன்றம் ஒன்றில் மனுச் செய்தார். 2004இல், தனக்குப் பதினெட்டு வயதானபோது, தத்தெடுப்பு என்று நம்பித் தான் ஒப்பமிட்டது தத்துப் பத்திரமே இல்லை என்றார். நோயாலோ குறைபாட்டாலோ தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத பெரியவர்களுக்காகச் செய்யப்படும் காப்பாளர் ஏற்பாடு அது. தன் பெயரால் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் அதன்மூலம் டூயி தம்பதியருக்குப் போய்விட்டது என்றும், படத்தின் வருவாயில் தன் பங்கு மறுக்கப்பட்டது என்றும் கூறினார். டூயி தரப்பு மறுத்தது. பதினெட்டு வயது கடந்தவரைத் தத்தெடுக்க இயலாது என்று வழக்கறிஞர்கள் சொன்னதாலும், கல்லூரி விளையாட்டு விதிகளுக்காகவும் அவ்வாறு செய்ததாகவும், பணம் குடும்பத்தில் சமமாகப் பகிரப்பட்டதாகவும் அவர்கள் கூறினர். குறைபாடு ஏதுமற்ற ஒருவருக்கு இத்தகைய ஏற்பாடு செய்யப்பட்டதைத் தம் நீண்ட பணிக்காலத்தில் கண்டதில்லை என்று கூறிய நீதிபதி, 2023 செப்டம்பர் 29 அன்று அந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தார். பணம் பற்றிய வழக்கு அதன்பின்னும் தொடர்ந்தது.

அந்த நாட்களில் பார்வையாளரின் எதிர்வினை விசித்திரமாக இருந்தது. சாண்ட்ரா புல்லக் ஆஸ்கரைத் திருப்பித் தர வேண்டும் என்றனர் சிலர். ஓஹராக நடித்த குவின்டன் ஆரன், நடித்தவர்மேல் என்ன தவறு என்று அவருக்காகப் பேச வேண்டியதாயிற்று. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அழுததற்காக வெட்கப்பட்டவர்கள், அந்த வெட்கத்தை ஒரு நடிகைமேல் இறக்கிவைத்தார்கள். டூயி தம்பதியர் அதிரதனா, துரியோதனனா என்று மீண்டும் அதே விவாதம். இம்முறையும் மையத்தில் பெரியவர்களே.

6

தமிழ்த் திரையில் இதற்கு அண்மையாக வருவது சுசீந்திரனின் ‘ஜீவா’ (2014). தாயற்ற சிறுவனை அண்டை வீட்டார் பிள்ளையாகப் பார்த்துக்கொள்ள, அவன் கிரிக்கெட் வீரனாகிறான். அந்தப் படத்தைப் பற்றிய பேச்செல்லாம் அணித் தேர்வில் சாதியின் இடம் குறித்தே நிகழ்ந்தது. வளர்த்தவர்களின் பெருந்தன்மை பேசுபொருளாகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறிடுவது நம்மிடையே செய்தியே இல்லை என்பது ஒரு காரணமாகலாம். கதவைத் திறக்காத நிறுவனத்தை நோக்கி அந்தப் படம் விரல் நீட்டியது என்பது இன்னொன்று. விளையாட்டுக் கதையைப் பார்க்க வேறு வழியும் இருக்கிறது என்பதற்கு இந்தச் சிறு உதாரணம் போதும்.

செஞ்சோற்றுக் கடன் என்பது கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் காவியச் சொல் மட்டுமன்று. மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையின் வரலாற்றில் அது நடைமுறையாகவே இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரிய கவுண்டன் என்ற பெயர்களால் அறியப்பட்ட மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் இருந்த மலை அது. நாடு விடுதலை பெற்று, ஜமீன்கள் ஒழிந்து, அதற்குப் பின்னும் கால்நூற்றாண்டு அந்த ஏற்பாடு நீடித்தது. மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். இருக்க இடமும் உழ நிலமும் அவர் தந்தவை. ஆகவே உழைப்பு அவருக்குரியது என்பது அதன் நியாயம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த ஆண்டில்தான் அரசு அந்த ஜாகிர்களைக் கையகப்படுத்தியது.

மலைப் பிள்ளைகள் பலரின் பெற்றோர் இன்றும் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடமோ அரசின் உண்டு உறைவிடப் பள்ளியிலோ தங்கிப் படிக்கிறார்கள். மலையேறி இறங்கிப் பழகிய கால்கள். இவர்களில் ஒருத்தியை ஒரு நல்ல மனிதர் கண்டெடுத்து, காலணி வாங்கிக் கொடுத்து, ஓடவைத்து, அவள் பதக்கம் வென்றால் அது அருமையான படமாகும். திரையரங்கில் நாம் எல்லோரும் அழுவோம். அழுகையின் ஊடே ஒன்றை மறந்துவிடுவோம். அவளுக்கு அந்தக் காலணியும் மைதானமும் பயிற்சியாளரும் ஏன் ஒரு நல்ல மனிதர் வரும்வரை கிடைக்கவில்லை?

பள்ளியில் பிள்ளைக்குப் போடும் சோறு செஞ்சோறாகாது. 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் இந்த மாநிலம் சாப்பாட்டுத் திட்டத்தை விரித்தபோது, அதன் உட்பொருள் இதுதான். யார் இட்டது என்று தெரியாத சோறு. சாப்பிட்டவன் யாருக்காகவும் களத்தில் விழ வேண்டியதில்லை. தலைவர்களின் படங்களைச் சுவரில் மாட்டி அதையும் கொடையாக்க முயன்றோம் என்பது வேறு கதை. ஆனால் தட்டை ஏந்தும் பிள்ளை கடனாளியாகவில்லை. விளையாட்டுக்கு அப்படியொரு ஏற்பாடு முழுமையாக அமையாத இடத்தில்தான் பிரஞ்சிகளும் டூயிகளும் தேவைப்படுகிறார்கள். அவர்களில் அன்பானவர்கள் இருக்கிறார்கள். உண்மையான அதிரதர்கள் பலர் நம் ஊர்ப் பள்ளி மைதானங்களிலேயே, தம் சம்பளத்தில் பழமும் முட்டையும் வாங்கிக் கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கிறார்கள். குறை அவர்களிடத்தில் இல்லை. ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்வு தொங்கும் நிலையை நாம் உத்வேகக் கதை என்று அழைப்பதில் இருக்கிறது.

7

வளர்ப்புக் குடும்பங்களைப் பற்றிய விளையாட்டுப் படங்களை வெறுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ‘புதியா சிங்’ நல்ல படம். ‘தி பிளைண்ட் சைட்’ பார்த்து வளர்ப்புப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த வீடுகளும் இருக்கலாம். கண்ணீர் பொய்யானது என்றும் கருதவில்லை. ஒரு நல்ல செயலைக் கண்டால் தொண்டை அடைப்பது மனித இயல்பு.

ஆனால் நம் கூத்து மேடையிலிருந்து இந்தப் படங்களுக்கு இரண்டு பாத்திரங்களைக் கடன் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று பொன்னுருவி: ஏன் போகிறாய் என்று வாதாடுபவள். மற்றது கட்டியங்காரன்: இதில் உனக்கென்ன லாபம் என்று கொடுப்பவனைப் பார்த்துக் கேட்டுச் சிரிப்பவன். இவ்விருவரும் இல்லாத கதையில் பிள்ளையின் சார்பாகப் பேச எவரும் இல்லை. புதியா சாலையில் ஓடியபோதும், ஓஹர் பத்திரத்தில் ஒப்பமிட்டபோதும் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒரு குரல் அருகில் இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறோம். நீதிமன்றம் அந்தக் குரலாக வந்து சேர ஓஹருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

கூத்து முடியும்போது பெரும்பாலும் விடிந்துவிடும். குந்தியின் ஒப்பாரிக்குப் பிறகு கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும். அங்கே அழுத பெண்கள் அன்றைய காலைக் கஞ்சியைக் காய்ச்சப் போவார்கள். தம் பிள்ளைக்கு ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் அதற்கும் ஊற்றுவார்கள். அந்தக் கஞ்சிக்குக் கணக்கு எழுதும் வழக்கம் இல்லை. ராதையைக் கூத்து மறந்தாலும், கூத்துப் பார்த்தவர்கள் முற்றாக மறந்துவிடவில்லை.